பதினோரு சென்டிமீட்டர்

குணசீலனுக்கு முப்பத்துநான்கு வயது. நல்ல வேலை, கோயம்புத்தூரில் சொந்த வீடு, ராகு கேது தொந்தரவில்லாத ஜாதகம், எல்லாம் இருந்தது. மூன்று முடி மட்டும் இல்லை.

அழகுக்காக முடியைத் தேடிய காலமெல்லாம் போய்விட்டது. இப்போது பெண் வீட்டாரிடம் ஜாதகம் கொடுக்கும்போது, மஞ்சள் தடவிய உறைக்குள் பையனின் உச்சந்தலை முடி மூன்றையும் சேர்த்து வைத்துக் கொடுக்க வேண்டும். பெண் வீட்டாரும் அதே மாதிரி கொடுப்பார்கள். இரண்டு உறையும் வாசிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே இருக்கும் இயந்திரம் முடியை நுனியிலிருந்து வேர்வரை வாசித்து ஒரு தாளை நீட்டும். குடித்தானா, மாத்திரை போட்டானா, ஒழுங்காகத் தூங்கினானா, மனசு நொந்து கிடந்தானா, எல்லாம் மாதவாரியாக அதில் வந்துவிடும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் சிகைச்சான்று. சனங்கள் சொல்வது முடி பார்ப்பது. வாத்தியார் வேலைக்கு முடி பார்த்தார்கள், பஸ் ஓட்ட முடி பார்த்தார்கள், வாடகைக்கு வீடு விடுவதற்குக்கூடச் சில மகராசர்கள் முடி பார்த்தார்கள்.

முன்பெல்லாம் வழுக்கையைப் பார்த்தால் சிரிப்பார்கள். இப்போது சந்தேகப்பட்டார்கள். பின்மண்டையில் கொஞ்சம் இருக்கிறதே என்றால் செல்லாது. அங்கே ஒட்டுமுடி வைத்து ஏமாற்றியவர்கள் அதிகமாகி, உச்சி முடி மட்டுமே செல்லும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஏழு வரன் குணசீலனின் வாசல்வரை வந்து, "முடி எப்பங்க அனுப்பறீங்க?" என்ற கேள்வியோடு திரும்பிப் போயின. எட்டாவதாக வந்தது பொள்ளாச்சிப் பொன்னுரங்கத்தின் மகள் வான்மதி. போட்டோவைப் பார்த்த அன்றே குணசீலன் முடிவு செய்துவிட்டான், இந்த வரன் கைநழுவக் கூடாது.

டாக்டர் ஷெரின் அவன் தலையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏற்கெனவே ஒருதடவை நட்டிருக்கீங்க போல."

"ஈரோட்டுலீங்க டாக்டர். ஆறு வருசம் ஆச்சு. பத்துல ஒண்ணுகூடப் பிடிக்கலை."

"பிடிக்காததுகூடப் பரவால்ல. பின்மண்டைய மொத்தமா தோண்டித் தள்ளியிருக்காங்க. இனி உங்க தலையில எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"அண்ணன் இருக்காருங்க. ஆனா அடுத்தவங்க முடி ஒட்டாதுன்னு சொல்வாங்களே?"

"அது பழைய கதை. இப்ப ஊசி இருக்கு. அண்ணன் தம்பி வேருன்னா உடம்பு சண்டை போடாம ஏத்துக்கும். முடியை வெட்டாம நீளத்தோடவே எடுத்து நடுவோம். ஆனா ஒண்ணு. மூணாவது வாரத்துல நட்டதெல்லாம் கொட்டிரும். பயப்படாதீங்க, வேரு உள்ள இருக்கும். நாலு மாசம் கழிச்சுப் புதுசா முளைக்கும். அதுவரைக்கும் யாருக்கும் முடி எடுத்துக் குடுத்துராதீங்க."

கடைசி வாக்கியத்துக்கும் சேர்த்துத்தான் குணசீலன் தலையை ஆட்டினான்.

அண்ணன் மயில்சாமி உடுமலைப்பேட்டையில் தனியார் பஸ் டிரைவர். எட்டு வயது மூத்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, ஸ்டீயரிங் பிடித்துத் தம்பியைப் படிக்க வைத்தவன். குணசீலன் தயங்கித் தயங்கிப் போனில் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ற முடி உனக்கா? எடுத்துக்கடா. நான் என்ன சினிமாலயா நடிக்கப் போறேன்."

வேர்களைப் பதப்படுத்தத் தினமும் ஓர் ஊசி போட வேண்டும் என்பதால் மயில்சாமி ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டான். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை. காதை மூடிக்கொண்டு முடி வளர்ந்து கிடந்தது. நாற்பத்திரண்டு வயதுக்காரன் இப்படிப் பரட்டையாக வந்து நிற்கிறானே என்று தம்பிக்குத் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. "ஒரு வருஷமா வெட்டலியா? நல்லதாப் போச்சு, பதினோரு சென்டிமீட்டர் இருக்கு" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

வந்தவன் தூங்கினான். ஊசி போட்டுக்கொண்டு வந்து காலை பத்து மணிக்குத் தூங்கினான், சோறு தின்றுவிட்டு மத்தியானம் தூங்கினான், டீ குடித்துவிட்டு சோபாவில் சாய்ந்தவன் அப்படியே தூங்கினான். அவன் விட்ட குறட்டையில் கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் குணசீலனுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏனுங்ணா, ஊர்ல தூங்கவே மாட்டீங்களா?"

மயில்சாமி கண்ணைத் திறக்காமல் சொன்னான். "உன்ற ஊட்ல காத்து நல்லா வருதுடா."

ஆபரேஷன் எட்டு மணி நேரம் நடந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அண்ணன் குப்புறப் படுத்திருந்தான், தம்பி மல்லாந்து படுத்திருந்தான். அண்ணன் மண்டையிலிருந்து ஒவ்வொரு வேராகக் கிள்ளி எடுத்துத் தம்பி மண்டையில் ஊசித் துளை போட்டு இறக்கினார்கள். மொத்தம் இரண்டாயிரத்து நானூறு. மரத்துப்போக ஊசி போட்டிருந்தும் குணசீலன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மயில்சாமி அங்கேயும் தூங்கிவிட்டான். நர்ஸுகள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு. நாலு தலையணை வைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்க வேண்டும். அரை மணிக்கு ஒருதரம் உப்புத் தண்ணீரைத் தலையில் தெளிக்க வேண்டும். அரித்தால் சொறியக் கூடாது, குனியக் கூடாது, தும்மக்கூட யோசிக்க வேண்டும். மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. தன் பின்மண்டையில் கட்டோடு மயில்சாமிதான் பாட்டிலை வைத்துக்கொண்டு தம்பியைச் சுற்றிச் சுற்றி வந்து தண்ணீர் அடித்தான். "நல்லா நனைஞ்சாத்தானடா பயிர் புடிக்கும்" என்று கேலி பேசினான். குணசீலனுக்குச் சிரித்தால் நெற்றி வலித்தது.

நாலாம் நாள் தரகர் போன் செய்தார். பொன்னுரங்கம் குடும்பத்தோடு வந்து பார்க்க ஆசைப்படுகிறார், ஆடி பிறப்பதற்குள் உறை மாற்றிவிடலாம் என்கிறார். குணசீலன் கூடத்தைப் பார்த்தான். சோபாவில் அண்ணன் வாய் பிளந்து கிடந்தான், தலையில் கட்டு, கட்டின் மேல் ரத்தக்கறை. இவர் யார், தலைக்கு என்ன என்று கேட்டால் எல்லாக் கதையும் வெளியே வரும். வெட்கமாக இருந்தது அவனுக்கு. அண்ணனைப் பார்த்துத்தான் வெட்கப்பட்டான், அதை மூடி மறைப்பதற்கில்லை.

"அண்ணா, அண்ணி தனியா இருப்பாங்க. நாளைக்குக் காலைல கிளம்பறீங்களா?"

மயில்சாமி எழுந்து உட்கார்ந்தான். "இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போறேனே குணா. உன்ற தலைக்கு யாரு தண்ணி அடிக்கறது?"

"நானே அடிச்சுக்கறேனுங்ணா."

"அதில்லடா..." என்று ஆரம்பித்தவன் பேச்சை அங்கேயே விட்டுவிட்டான். மறுநாள் காலை குளித்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தம்பி கூட்டிப் போய் ஏற்றிவிட்ட பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

பத்தாம் நாள் பெண் வீட்டார் வந்தார்கள். வீக்கம் வடிந்திருந்தது. முடியை விரலால் மெல்ல முன்னே ஒதுக்கிவிட்டுப் பொருக்கை மறைத்திருந்தான். வான்மதி நேரில் இன்னும் நன்றாக இருந்தாள். பொன்னுரங்கம் அவன் தலையைப் பார்த்துத் திருப்தியாகக் காப்பி குடித்தார்.

பதினாறாம் நாள் தலையணையில் முடி உதிரத் தொடங்கியது. டாக்டர் சொன்ன கணக்குதான். ஆனால் ஆடி பிறக்க ஐந்து நாள்தான் இருந்தது, ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், நாலு மாதம் பொறு என்றால் பெண் வேறு இடம் போய்விடும். நம் தலையில் இருந்தது நம் முடி, நம் ரத்தம்தானே அதில் ஓடியிருக்கும் என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டான். உதிர்ந்ததில் நீளமான மூன்றை எடுத்து மஞ்சள் உறையில் வைத்து அனுப்பினான்.

மூன்றாம் நாள் உறை திரும்பி வந்தது. கூடவே தாள். பதினோரு மாதத் தூக்கமின்மை, கடுமை. மனத்துயர், கடுமை. உணவு, பாதி. அடியில் பொன்னுரங்கத்தின் கையெழுத்தில் ஒரு வரி: மன்னிக்கவும்.

குணசீலன் தாளோடு டாக்டரிடம் ஓடினான்.

"நான் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தா காலைல ஆறுக்குத்தானுங்க எந்திரிப்பேன்! உங்க மிஷினெல்லாம் புளுகு!"

"மிஷின் சரியாத்தான் சொல்லுது. நீங்கதான் குடுக்கக் கூடாததைக் குடுத்துட்டீங்க" என்றார் ஷெரின். "இந்த முடி வளர்ந்தது எங்க? உங்க அண்ணன் தலையில. உங்க தலையில அது சும்மா சொருகி நின்னது. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், பதினோரு சென்டிமீட்டர், பதினோரு மாசம். நுனிப்பக்கம் போன வருஷ ஆடி. வேர்ப்பக்கம் ஆபரேஷன் அன்னிக்குக் காலை. நாம வேரோட எடுத்ததால கடைசி நாள்வரைக்கும் இருக்கும். இதுல உங்களோடது ஒரு நாள்கூட இல்ல."

"அப்ப இது என்னோடது இல்லீங்க?"

"இல்ல."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவனுக்கு உயிர் வந்தது. அதைக் கடிதமாக எழுதிக் கேட்டான். 'இணைப்பிலுள்ள வாசிப்பு வேர் கொடுத்தவரைச் சேர்ந்தது, பெற்றவருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கீழே குணசீலனும் கையெழுத்துப் போட்டான். அப்படிப் போடும்போது பேனா நிற்கவில்லை, மனசில் எதுவும் இடறவில்லை. பிற்பாடு அவனால் மன்னிக்க முடியாமல் போனது இதைத்தான்.

அன்றைக்கே பொள்ளாச்சிக்குப் போனான். முடி நட்ட கதையை முழுதாகச் சொன்னான். பொன்னுரங்கம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அட, அப்ப இது உங்க அண்ணனோடதுங்களா! நல்லவேளை. நான் என்னமோ ஏதோன்னு பயந்து போயிட்டேன். முடி நட்டா என்னங்க, உள்ளதைச் சொன்னீங்க பாருங்க, அது போதும். உங்களுது நாலு மாசம் கழிச்சு வரட்டும். ஆவணில நிச்சயத்தை வெச்சுக்கலாம்."

காப்பி வந்தது. எல்லோருக்கும் பாரம் இறங்கியிருந்தது. வான்மதி மட்டும் தாளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணன் நல்லாருக்காருங்களா?" என்று கேட்டாள்.

"அவருக்கென்னங்க, ஜம்முனு பஸ் ஓட்டிட்டு இருக்காரு."

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தான். ஆவணியில் நிச்சயம் என்று சொன்னான். "சந்தோசண்டா கண்ணு" என்றான் மயில்சாமி, குரல் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. "முடி கொட்டுச்சா? பயப்படாத, வேரு நம்முளுது, வந்துரும்." தாள் குணசீலனின் பைக்குள் இருந்தது. பஸ் இரைச்சலில் அதிக நேரம் பேச முடியவில்லை.

ஆடி இருபதாம் தேதி முற்பகலில் மயில்சாமி செத்துப்போனான்.

குணசீலன் உடுமலை போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. அண்ணி சாந்தாமணி அழாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒன்பது வயது மகள். பின்மண்டையில் முடி இன்னும் முழுசாக மூடாமல் அண்ணன் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். பஸ் கம்பெனி மெக்கானிக் கதிர்வேல்தான் குணசீலனை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"பஸ்ஸைக் கழுவிட்டு இருந்தாருங்க. ஹோஸைக் கையில புடிச்சுட்டே உக்காந்தாரு. அவ்வளவுதான். மார்வலின்னு டாக்டர் சொன்னாரு, ஒரு வருசமாத் தூங்காத மனுசனாட்ட இருக்குதுன்னும் சொன்னாரு."

"கழுவறதா? அவரு டிரைவருங்களே."

கதிர்வேல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதுங்களா? போன ஆடியில பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்ணு பஸ்ஸுக்குக் குறுக்க ஓடியாந்து அடிபட்டுப் போச்சுல்லீங்க. தப்பு இவரு மேல இல்லைன்னு போலீஸே எழுதிக் குடுத்துருச்சு. ஆனா ரெண்டு மாசம் கழிச்சு வருசாந்திர முடி பாத்தாங்க. தூக்கம் இல்ல, மனத்துயர் ஜாஸ்தின்னு வந்துச்சு. ஸ்டீயரிங் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஏன் தூங்கலைன்னு ஒருத்தரும் கேக்கலீங்க. வீட்ல சொல்லிராதீங்கன்னு எங்க கைய எல்லாம் புடிச்சுட்டுக் கேட்டாரு. காக்கிச் சட்டை போட்டுட்டுத்தான் வருவாரு, இங்க வந்து கழட்டி மாட்டிட்டுக் கழுவுவாரு. அடுத்த சோதனைல மறுபடியும் அதே வந்துரும்னு பயந்துட்டுத் தள்ளிப் போட்டுட்டே இருந்தாரு."

விபத்து குணசீலனுக்கும் தெரிந்ததுதான். அப்போது அவனும் போன் செய்தான். "உங்க மேல தப்பில்லல்ல, விடுங்ணா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அண்ணனுக்கு மகன் இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி. சுடுகாட்டில் மொட்டை போட உட்கார வைத்தார்கள். சவரக் கத்தியோடு வந்தவர் அவன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திகைத்தார். நட்டதெல்லாம் கொட்டிப் போயிருந்தது, புதுசு இன்னும் முளைக்கவில்லை. அண்ணனுக்காக மழிக்க அவன் தலையில் ஒரு முடி இல்லை. "சாஸ்திரத்துக்கு ஒருக்கா இழுத்து உடறனுங்க" என்று சொல்லி, தண்ணீர் தெளித்து, வெறும் தோலின் மேல் கத்தியை ஓட்டினார். அந்தத் தோலுக்கு அடியில் அண்ணனின் இரண்டாயிரத்து நானூறு வேர் உயிரோடு இருப்பது குணசீலனுக்கு ஞாபகம் வந்தது. அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான். பொன்னுரங்கமும் வான்மதியும் சற்றுத் தள்ளி வண்டி அருகே நின்றிருந்தார்கள். வான்மதி அவனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அவன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். தாள் வந்ததை, கடிதம் வாங்கியதை, கையெழுத்துப் போட்டதை. எழுந்து வந்து அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் அடிக்கவில்லை.

"அந்தத் தாளு இருக்குங்களா தம்பி?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதைத் தரையில் விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளின் நடுவே நீளமாக ஒரு பட்டை. கஷ்டமான நாட்கள் கறுப்பாக இருக்கும், நல்ல நாட்கள் வெளுப்பாக இருக்கும்.

"இது எந்த மாசம்?"

"போன வருசம் ஆடிங்க அண்ணி. நுனி."

"இது?"

"ஐப்பசி."

"ஐப்பசில தீபாவளி. பாப்பாவுக்கு மத்தாப்புக் கொளுத்திக் குடுத்தாரு. சிரிச்சாரே தம்பி. நான் பக்கத்துலதான் நின்னேன்." அவள் விரல் அந்த இடத்தைத் தடவியது. கறுப்பாகத்தான் இருந்தது. "தையில பழனிக்குப் போனோம். அதுவும் இப்படித்தான் இருக்குது. பக்கத்துலயே படுத்திருந்தேன். கண்ண மூடிட்டுத்தான் படுத்திருந்தாரு. தூங்கறாருன்னே நெனச்சேன்."

அவள் விரல் மாதம் மாதமாக நகர்ந்தது. மாசி, பங்குனி, சித்திரை. ஒரு கோடுகூட வெளுப்பு இல்லை. வேர்ப்பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"இங்க மட்டும் வெள்ளையா இருக்குதே. கடைசில. இத்துனூண்டு."

குணசீலன் குனிந்து பார்த்தான். இத்தனை நாள் அவன் அதைப் பார்த்ததே இல்லை. மேலே எழுதியிருந்ததைப் படித்தானே தவிர, பட்டையை ஒருமுறையும் பார்க்கவில்லை. மூன்று மில்லிமீட்டர் இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: தூக்கம் மிக நன்று. மனத்துயர் இல்லை.

"தூங்கியிருக்காருங்க அண்ணி."

"எத்தனை நாளு?"

"பத்து நாளுங்க."

"எங்க?"

 

"எங்க ஊட்லீங்க."

சாந்தாமணி தாளிலிருந்து நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏந்தம்பி பஸ் ஏத்தி உட்டீங்க?"